ஊதச் சொன்ன சாவடி

ஓசூரில் மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டில், பிள்ளையும் மருமகளும் காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போனபின், பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பொழுது சாய்கிறவரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிற என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நேற்று கீழே பூங்காவில் உங்களில் ஒருவர், "பகல்ல ஈ காக்கா இல்லீங்க, இந்தக் காலத்துக் கொடுமைங்க இது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கொடுமையிலேயே வளர்ந்தவள் நான். ஐம்பதுகளிலேயே இந்த ஊரில் பகலில் ஆண்கள் இல்லாத தெரு ஒன்று இருந்தது. எனக்கு ஒன்பது பத்து வயதில் அங்கே நடந்ததைச் சொல்கிறேன். நல்லபடியாக முடிகிற கதை வேண்டுமென்றால் டி.வி.யைப் போட்டுக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஊருக்கு வெளியே பழைய ரயில் ஸ்டேஷன் ஒன்று இருந்தது. உலகச் சண்டைக் காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டடமும் டிக்கெட் ஜன்னலும் மட்டும் மிச்சம். அதை ஒட்டி ஒரு நிலக்காரர் ஓட்டு வீடுகளாக ஒரே வரிசை கட்டி, ரயில் திரும்ப வந்துவிடும் என்று சொல்லியே எல்லாவற்றையும் வாடகைக்கு விட்டார். ரயில் வரவில்லை. பெங்களூருக்கு பஸ் இருந்தது. பெங்களூர் வாடகைக்குப் பயந்தவர்கள் எல்லாம் இங்கே குடும்பத்தை வைத்துவிட்டு, தினமும் அந்த பஸ்ஸில் போய் வந்தார்கள். அப்பாவும் அப்படித்தான். டெலிபோன் சாமான் செய்கிற தொழிற்சாலையில் ஃபிட்டர்.

நாங்கள் கண் விழிக்கும்போது அப்பா இருக்க மாட்டார். ஆணியில் அவருடைய பழைய சட்டை தொங்கும். எல்லா வீட்டிலும் ஒரு சட்டை தொங்கும், அவ்வளவுதான் அந்தத் தெருவின் ஆண்கள். மார்கழி, தை மாதங்களில் பத்து மணிவரை பனி விலகாது. ஈர ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர், அவரைக்காய் உரிக்கிற பெண்களின் விரல் நகத்துப் பச்சை வாசனை, தூரத்தில் கேழ்வரகு அரைக்கிற மிஷின் சத்தம். வேறெதுவும் கிடையாது. பாம்பு வந்தாலும் அடிக்க ஆள் இல்லை, பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு அது போகிறவரை காத்திருப்பார்கள். அமைதியான இடம் என்று வந்துபோன சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவள் ராயக்கோட்டைச் சந்தைச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள்.

எங்களுக்கு விளையாட ஸ்டேஷன் இருந்தது. அங்கே நாங்கள் ரயில் விளையாட்டு விளையாடவில்லை, எங்களில் யாரும் ரயிலைப் பார்த்ததில்லையே. சாவடி விளையாட்டுதான். உங்களுக்கு நினைவிருக்கும், நம் பக்கம் மதுவிலக்கு, எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யத்தில் கடை திறந்தே கிடக்கும். அதனால் சாயங்கால பஸ் அத்திப்பள்ளி தாண்டி வந்ததும் குறுக்கே மூங்கிலைப் போட்டு நிறுத்துவார்கள். ஆண்கள் எல்லாரும் இறங்கி வரிசையில் நின்று போலீஸ்காரர் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊத வேண்டும். பையையும் திறந்து காட்ட வேண்டும். பெண்கள் இறங்க வேண்டாம், அவர்களுடைய பையைத் தொட மாட்டார்கள். அப்பாக்கள் செய்வதைத்தான் நாங்கள் விளையாடினோம். ஒரு குச்சியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நான் போலீஸ், மற்றவர்கள் வரிசையில் வந்து ஊதுவார்கள். காலையில் யார் வெங்காயம் தின்றது, யார் வெல்லம் திருடியது என்று நான் சொல்லிவிடுவேன். என் மூக்குக்குத் தெருவில் நல்ல மரியாதை இருந்தது.

அப்பாவுக்கு அப்போது வயிற்றுவலி. பெங்களூர் டாக்டர் கொடுத்த மருந்து ஒன்று இருந்தது. சாப்பாடு முடிந்ததும் பின்கட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு, கிராம்பை மென்றுகொண்டு வந்து படுத்துவிடுவார். அந்த நேரத்தில் பிள்ளைகள் பின்பக்கம் போகக் கூடாது. "மருந்து நாத்தம் கொழந்தைங்களுக்கு ஆவாது" என்பாள் அம்மா.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பதினெட்டு வயது. எட்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். பர்கூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மாவின் தம்பி இருந்தார், எங்கள் தாய்மாமன். முதல் மனைவி இறந்துபோய், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு நிலக்கடலையும் மானாவாரிச் சோளமுமாக இருந்தார். அக்காவை அவருக்குக் கொடுப்பது என்று பேச்சு. கெட்ட மனிதர் இல்லை. வந்தால் எங்களுக்கு வறுத்த கடலை கொண்டுவருவார். அக்காவுக்கு அவரைப் பார்த்தாலே முகம் செத்துவிடும். "எனக்கு மாமாவ வேணாம்மா" என்று அவள் அம்மாவிடம் அழுததை நான் கேட்டிருக்கிறேன். அம்மா, "வேண்டாம்னு சொல்ல உங்கிட்ட வேற என்னா கீது?" என்றாள். அது கேலி இல்லை. அம்மா உண்மையாகவே கேட்டாள்.

அந்த வருஷம் அப்பாவின் தொழிற்சாலையில் மெல்லிய கம்பி சுற்றுகிற வேலைக்குப் பெண்களை எடுத்தார்கள். ஆண்களின் விரல் தடிமன், கம்பி அறுந்துபோகிறதாம். வேலை பார்க்கிறவர்களின் மகள்களுக்கு முதலில் இடம். அப்பாதான் வந்து சொன்னார். அவரே அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். தலைமயிர் போன்ற கம்பியைச் சின்னச் சின்ன ஓட்டைகளில் கோத்துக் காட்டச் சொன்னார்களாம். அக்கா கோத்துவிட்டாள். அன்று சாயங்காலம் அப்பா, தெருவுக்கே கேட்கும்படி, "துரைமாருங்களே பாத்துட்டு நின்னாங்க, எம் பொண்ணு கை ஒரு ஆட்டம் ஆடல" என்றார். அப்படி அவர் பேசி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. தாய்மாமனுக்கு, இரண்டு வருஷம் போகட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு வருஷத்தில் அவர் வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்வார் என்பது அக்காவின் கணக்கு. வேலை இருக்கிறவரை அவளுக்குக் கல்யாணம் இல்லை.

அந்த பஸ்ஸில் தினம் போகிற ஒரே பெண் அக்காதான். அவளுக்குக் காக்கி நிறத்தில் ஒரு கித்தான் பை இருந்தது, அம்மா பழைய கூடாரத் துணியில் தைத்தது. அதில் டிபன் கேரியர், தொழிற்சாலையில் மேலே போட்டுக்கொள்கிற நீல அங்கி, ஒரு சீப்பு. சாயங்காலம் பஸ் நிற்கிற மேட்டில் பெண்களும் பிள்ளைகளும் அரிக்கேன் விளக்கோடு காத்திருப்போம். ஆண்கள் தூங்கி வழிகிற முகத்தோடு இறங்குவார்கள். அக்கா மட்டும் குதித்து இறங்குவாள். வீசியெறிகிற துண்டுக் கம்பிகளைச் சுற்றி எனக்கு மோதிரம் செய்து வருவாள். செம்பு நிறத்தில் மினுங்கும், இரண்டு நாளில் விரல் பச்சையாகிவிடும். அந்த மோதிரங்களில் ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை.

வெளியே போய் வந்ததில் அவள் நடையே மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவரை உரிக்கும்போது மற்றப் பெண்களுக்குப் பெங்களூர் மெஜஸ்டிக் கடைத்தெரு பற்றியும், தொழிற்சாலைச் சங்கு பற்றியும், கூட வேலை செய்கிற கன்னடப் பெண்கள் தலையில் வைக்கிற பூவைப் பற்றியும் சொல்வாள். பெண்கள் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, அவள் எழுந்து போனதும் உதட்டைச் சுழிப்பார்கள். தங்கள் புருஷன்மார் தினமும் போய்வருகிற ஊர் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு அதுவரை யாருமே சொன்னதில்லை.

எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தவரை நாங்கள் வேதக்கார மாமா என்போம். மத்திகிரிப் பக்கத்துக் கிறிஸ்தவர், பெங்களூரில் அச்சாபீஸில் வேலை. அந்த வரிசையில் அவர்கள் ஒரு குடும்பம்தான் சர்ச்சுக்குப் போகிறவர்கள். கோயிலிலேயே அவர்களுக்குத் திராட்சை ரசம் கொடுக்கிறார்கள், அதனால் அவர்கள் எல்லாருமே குடிப்பார்கள் என்பது எங்கள் தெருவின் முடிவு. சாவடியில் அவரை மட்டும் இரண்டு முறை ஊதச் சொல்வார்களாம். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு முறை ஊதுவாராம். பஸ்ஸில் அக்காவுக்கு ஜன்னலோர சீட்டு விட்டுவிட்டு முன்சீட்டில் உட்கார்வது அவர் வழக்கம். "பாப்பா, காத்து மூஞ்சில அடிக்குது, ஷட்டர எறக்கி வுட்டுக்க" என்பாராம்.

தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அது நடந்தது. நான் பஸ்ஸில் இல்லை. மேட்டில் விளக்கோடு நின்றேன். பஸ் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தது. என்ன நடந்தது என்று அங்கேயே கண்டக்டர் அம்மாவிடம் சொன்னார், அரைக் கன்னடமும் அரைத் தமிழுமாக. அக்கா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியிருக்கிறாள், பை மடியில். சாவடி மூங்கிலுக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வர, டிரைவர் பலமாக பிரேக் அடித்திருக்கிறார். பை மடியிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. உள்ளே இருந்த புட்டி உடைந்தது. பஸ் முழுவதும் பிராந்தி வாசனை.

"யாருது?" என்று போலீஸ்காரர் கேட்டிருக்கிறார். தினமும் அவர் முன்னால் திறக்கிற வாய்கள்தான், அன்றைக்கு ஒன்றுகூடத் திறக்கவில்லை. அக்காவும் பேசவில்லை. கொட்டகையில் உட்கார்ந்திருந்த பெரிய போலீஸ்காரர், "எல்லாரையும் ஊதச் சொல்றியே, அந்தப் பொண்ணையும் எறக்கி ஊதச் சொல்லு" என்றாராம். அக்காவை இறக்கினார்கள். தெரு ஆண்கள் அத்தனை பேரும் வரிசையில் நிற்க, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அக்கா ஒரு போலீஸ்காரரின் முகத்துக்கு நேரே ஊதினாள். அப்பா வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவள் ஊதி முடித்தபின்தான், "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, யாரோ பைல வெச்சிட்டாங்க" என்றாராம். பெரிய போலீஸ்காரர் அக்காவைப் பார்த்துவிட்டு, கேஸ் ஒன்றும் வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப் போ என்று விட்டுவிட்டார். "ஏன் மாடோது அம்மா, என்னா பண்றது" என்று கண்டக்டர் கையை விரித்தார். அவரால் என்ன செய்ய முடியும்.

அக்கா கடைசியாக இறங்கினாள். அவள் தாவணியிலும் பாவாடையிலும் அந்த வாசனை. எங்கேயோ முகர்ந்திருக்கிறேன், எங்கே என்று தெரியவில்லை. அம்மா விளக்கை அவள் முகத்துக்கு நேரே தூக்கவில்லை, கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டாள். வீடு வரை யாரும் எங்களோடு நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வேதக்கார மாமா வீட்டு வாசலில் போய் நின்றார். தெருவில் ஆண்கள் இருக்கிற ஒரே நாள், எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். "எம் பொண்ணு பைல புட்டிய வெச்சவன் வெளிய வாடா! உங்க சாமி ஊத்திக் குடுக்குது, நீ குடி. எங்க வூட்டுப் பொண்ணு சொமக்கணுமா?" என்று கத்தினார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அப்பா எங்களுக்காகச் சண்டை போடுகிறார் என்று நானும் தம்பியும் அவர் வேட்டிக்குப் பின்னால் நின்றோம்.

மாமா வெளியே வந்தார். கோயிலுக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அப்பாவை நேருக்கு நேர் பார்த்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து தெலுங்கில் ஏதோ சொல்லி அழுதாள். கையை நீட்டி அவளை நிறுத்தினார்.

"சரிங்க. நாந்தான்னே வெச்சிக்குங்க" என்றார். "எல்லார் முன்னாடியும் சொல்றேன், நாந்தான் வெச்சேன். புள்ளைக்குத் தெரியாது. அத மட்டும் வேலைக்கு அனுப்பாம நிறுத்திடாதீங்க."

தெருவே காறித் துப்பியது. அப்பா திரும்பி வந்துவிட்டார். ஒப்புக்கொண்டான் பார் என்று நாங்கள் குதித்தோம். அந்தப் பேச்சில் இருந்த 'வெச்சிக்குங்க' எங்கள் யார் காதிலும் விழவில்லை. அது காதில் விழுந்த ஒரே ஆள் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை விளக்கு வெளிச்சத்தில் நான் விழித்துக்கொண்டேன். அக்கா குளித்து, தலை பின்னி, நீல அங்கியைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். கித்தான் பையைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்திருந்தாள். இரண்டு டிபன் கேரியரிலும் களியும் அவரைக் குழம்பும் வைத்து, கதவருகே தயாராக நின்றாள். அப்பா செருப்பை மாட்டினார். ஒரு கேரியரை மட்டும் எடுத்துக்கொண்டார். அக்காவைப் பார்க்காமல் அம்மாவிடம், "இது வேணாம். உந் தம்பிக்குச் சொல்லி அனுப்பு" என்றார்.

அக்கா அழவில்லை. "அப்பா, நான் ஒண்ணுமே சொல்லலையே அப்பா" என்றாள். அதையே இன்னொரு முறையும் சொன்னாள். அப்பா இறங்கி நடந்தார். பனியில் பஸ்ஸின் சத்தம் வந்து, நின்று, போயிற்று. அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். விடிந்து, தெரு பெண்களின் தெருவாக மாறியபின்தான் உட்கார்ந்தாள். மத்தியானம் அந்தக் கேரியரைத் திறந்து எங்களுக்கே பரிமாறினாள்.

அதன் பிறகு அவள் வாசலுக்கு வந்தாலே, ஸ்டேஷனிலிருந்து பிள்ளைகள் "ஊது, ஊது" என்று கத்துவார்கள். என்னோடு விளையாடிய பிள்ளைகள்தான். நான் குச்சியோடு துரத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. விளையாட்டை விட்டுவிட்டேன். வேதக்கார மாமா வீட்டை மாசி பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். குடிகாரனை வைத்துக்கொண்டால் மற்றவர்கள் போய்விடுவார்கள் என்று பயம். மாட்டுவண்டியில் சாமான் ஏற்றும்போது அந்த அத்தை எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. மாமா மட்டும் அக்கா நின்ற ஜன்னலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பங்குனியில் அக்காவுக்கும் தாய்மாமனுக்கும் கல்யாணம் நடந்தது. பர்கூர் பஸ்ஸில் ஏறிப் போனாள்.

எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்பீர்கள். எனக்கும் கல்யாணமாகி, மதுவிலக்கை எடுத்த வருஷம் என் புருஷன் ஒரு புட்டியை வீட்டில் வைத்தே திறந்தார். அந்த வாசனை வந்ததும் எனக்கு அப்பாவின் வேட்டி நினைவுக்கு வந்தது. வயிற்றுவலி மருந்து! நம் வயதில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தொழிற்சாலை வாசலில் தினமும் அவரேதான் அக்காவின் பையில் அதை வைத்திருக்கிறார். இதற்காகத்தான் அவளை வேலையில் சேர்த்தாரோ என்றுகூட ஒரு காலத்தில் ஆத்திரத்தில் நினைத்திருக்கிறேன். அப்படி இல்லை. அவள் கை ஆடவில்லை என்று அவர் சொன்னபோது கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். பெருமையும் இருந்தது, புட்டியும் இருந்தது. பிடிபட்டால் அவருடைய வேலை போகும், சிறைக்குப் போவார், நாங்கள் தெருவில் நிற்போம். அந்தப் பயமும் உண்மைதான். ஆனால் ஒன்று சொல்வேன். ஊரை நம்பவைப்பதற்காக அவளையும் நிறுத்தினாரே, அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. குற்றம் செய்தவன் இவன்தான் என்று காட்டிவிட்டு, அவன் போகிற அதே பஸ்ஸில் மகளையும் அனுப்பினால், வைத்தது அவன் இல்லையோ என்று ஊர் சந்தேகப்படுமாம்.

அப்பா முழு வயது வாழ்ந்து செத்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அக்கா வந்திருந்தாள். தாய்மாமன் போய்ச் சேர்ந்து அதற்குள் பல வருஷம் ஆகியிருந்தது. அவருடைய இரண்டும் அவளுடைய மூன்றுமாக ஐந்து பிள்ளைகளை மானாவாரி நிலத்தில் வளர்த்தவள். கடலை பிடுங்கிப் பிடுங்கி விரல்கள் கணுக்கணுவாக வீங்கி, மடக்க வராமல் இருந்தன. பந்தலின் ஓரத்தில் நாங்கள் இருவரும் தனியாக இருந்தபோது அவளிடம் கேட்டேன்.

"எனக்கு எல்லாம் தெரியும்க்கா. அன்னிக்கி சாவடியிலேயே அப்பாவுதுன்னு நீ சொல்லியிருக்கலாமில்ல? அந்த மனுசன் வூட்ட காலி பண்ணிட்டுப் போனாரே, அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

அக்கா என்னைச் சாதாரணமாகப் பார்த்தாள்.

"சொன்னா அப்பாவுக்கு வேலை போவும். வாய மூடினு இருந்தா, திங்கக்கெழம என்னையும் இட்டுனு போவாருன்னு நெனைச்சேன்" என்றாள்.

இலை போட்டாகிவிட்டது என்று யாரோ உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். வந்தவர்களுக்குப் பரிமாற அக்கா எழுந்து போனாள்.